விடுதிக்கு என்ன வாங்கலாம்?

உங்கள் மகள் பெங்களூருவில் கல்லூரி விடுதியில் சேரப் போகிறாளா? மகிழ்ச்சி. ஆனால் கடன் வாங்கிச் சாமான் வாங்காதீர்கள். முதலில் விடுதியில் விசாரியுங்கள். கட்டில், மெத்தை, அலமாரி அங்கேயே இருக்கலாம்.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. டிசம்பர், ஜனவரி இரவுகளில் நன்றாகக் குளிரும். கெட்டியான போர்வை கொடுங்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை மழைக்காலம். குடை வேண்டும். பெட்டிக்கு நல்ல பூட்டு வேண்டும். வாளி, குவளையை அங்கேயே வாங்கலாம். சுமை குறையும்.

வெந்நீர் போடும் ஹீட்டர் கம்பி வேண்டவே வேண்டாம். சுவிட்ச் போட்டிருக்கும்போது தண்ணீரில் கை வைத்தால் உயிரே போகலாம். பல விடுதிகளில் அதற்கு அனுமதியும் இல்லை.

மகளோடு உட்கார்ந்து நீங்களே பட்டியல் எழுதுங்கள். வேண்டாததை அடித்துவிடுங்கள். மிச்சமாகும் பணம் புத்தகத்துக்கு உதவும்.