ஒன்பதாயிரம் பொன்னுக்கு என்ன வாங்கலாம்?

உங்கள் கையில் 9,000 பொற்காசைக் கொடுத்து, மந்திர சாமான்கள் விற்கும் கடையில் கொண்டுபோய் விட்டால் என்ன வாங்குவீர்கள்? சிரிக்காதீர்கள்! எத்தனையோ பேர் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, காகிதமும் பென்சிலுமாக இந்தக் கணக்கைத்தான் மும்முரமாகப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்த விளையாட்டுக்கு 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்று பெயர். அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெஸன் என்ற இருவர் உருவாக்கியது, 1974-ல் வெளிவந்தது. நாலைந்து நண்பர்கள் கூடுவார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன் என்று ஆளுக்கொரு பாத்திரமாகிக் குகைக்குள் புகுவார்கள். கத்தி எதிரியின்மேல் பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். பாத்திரம் செத்துவிட்டால், மாதக்கணக்காக வளர்த்த ஆசை அன்றோடு சரி. உயிர்ப்பிக்கும் மந்திரமும் இருக்கிறது. ஆனால் அதற்கு வேண்டிய வைரம் மட்டும் 5,000 பொன்!

ஆகையால் சாமான் வாங்குவதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. 2003-ல் திருத்தி வெளியிட்ட மூன்றாம் பதிப்பின் விதிகளில் ஒவ்வொரு பொருளுக்கும் கட்டு விலை உண்டு. அதையே நாம் எடுத்துக்கொள்வோம். ஐந்தாம் படியை எட்டிய ஒரு வீரனுக்கு அந்த விதிகள் வகுத்திருக்கும் சொத்து 9,000 பொன்.

கடைக்குள் நுழைந்ததும் நம் வீரனின் கண் எங்கே போகும்? பளபளக்கும் கத்தியின்மேல்தான்! 'பிளஸ் 2' கத்தி. வெறும் கத்தி 15 பொன், உயர்ந்த வேலைப்பாட்டுக்கு 300, மந்திரத்துக்கு 8,000, ஆக 8,315. வாங்கிவிட்டான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 685 பொன். மந்திரமே இல்லாத முழு இரும்புக் கவசத்துக்குக்கூட 1,500 வேண்டும். ஐயோ பாவம்!

அதே கத்தியில் 'பிளஸ் 1' என்றால் மந்திரத்துக்கு 2,000 பொன்தான். படி ஒன்று ஏறினால் விலை நாலு மடங்கு. மூன்றாம் படிக்கு 18,000. இந்த ரகசியத்தை மனத்தில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள்: முதல் படி மலிவு, மேல்படிகள் எல்லாம் விலை. அதிகப்படியான அந்த 6,000 பொன்னுக்கு என்ன கிடைக்கிறது? பகடையின் இருபது முகங்களில் இன்னும் ஒரு முகம் நமக்குச் சாதகம். படும் வெட்டில் ஒரு புள்ளி அதிகம். அவ்வளவுதான்!

"பிற்பாடு பணம் வந்தால்?" என்கிறீர்களா? அப்போது வித்தியாசத்தை மட்டும் கொடுத்து அதே கத்தியை உயர்த்திக்கொள்ளலாம். நஷ்டமில்லை. ஆனால் தவறாக வாங்கியதை விற்கப் போனால் கைக்கு வருவது பாதி விலைதான்.

அடுத்தது பாதுகாப்பு. கவசத்திலேயே பிளஸ் 2 ஏற்றினால் மந்திரத்துக்கு 4,000. அதற்குப் பதிலாகக் கவசத்தில் பிளஸ் 1-க்கு 1,000, பிளஸ் 1 காப்பு மோதிரத்துக்கு 2,000 கொடுத்தால் அதே பலன் 3,000-க்குக் கிடைத்துவிடும். இரண்டும் வேறு வகையானதால் ஒன்றோடொன்று கூடும். ஒரே வகை மோதிரம் இரண்டு போட்டால் கூடாது; பெரியது மட்டுமே செல்லும்.

மேலங்கி ஒன்று 1,000 பொன். பார்வைக்குச் சாதாரணம். ஆனால் உடல் உறுதி, சுறுசுறுப்பு, மன உறுதி மூன்றையும் ஒருசேர உயர்த்துகிறது. நான் முதன்முதலாக ஆடியபோது, "அது எதற்கு?" என்று ஒதுக்கிவிட்டுப் பெரிய கத்தியாக வாங்கினேன். எதிரி மந்திரவாதி என் வீரனின் மதியை மயக்கிவிட்டான். என் அருமைக் கத்தி யாரை வெட்டிற்று தெரியுமா? எங்கள் பூசாரியை! அந்தப் பூசாரியாக ஆடிய என் சிநேகிதி அன்று என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

கடைசியாக, ஒருவரும் ஆசைப்படாத சாமான்: காயம் ஆற்றும் மந்திரக் கோல். விலை 750 பொன். ஐம்பது தடவை பயன்படும். ஒரு தடவைக்கு 15 பொன். அதே மந்திரம் குப்பி மருந்தாக வந்தால் 50 பொன்! நம் வீரன் இந்தக் கோலைத் தானே பயன்படுத்த முடியாது. பூசாரி கையில் கொடுக்க வேண்டும். "என் பணத்தில் வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பதா?" என்று யோசிக்கக் கூடாது. அது ஆற்றப்போவது அவனுடைய காயத்தைத்தான். இருந்தாலும் பூசாரியே விழுந்துவிட்டால் குடிக்க, இடுப்பில் நாலைந்து குப்பியும் இருக்கட்டும்.

இப்போது பட்டியலைப் பாருங்கள்:

பிளஸ் 1 கத்தி – 2,315
பிளஸ் 1 முழுக் கவசம் – 2,650
காப்பு மோதிரம் – 2,000
மேலங்கி – 1,000
காயம் ஆற்றும் கோல் – 750
மருந்துக் குப்பி ஐந்து – 250
ஆக மொத்தம் – 8,965

மிச்சம் 35 பொன் கயிறுக்கும் தீப்பந்தத்துக்கும் ஆயிற்று.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பில் இப்படிப் பொருளுக்குப் பொருள் கட்டு விலை கிடையாது. ஆனாலும் கணக்கின் சாரம் மாறவில்லை. கூட்டத்தில் எல்லோரும் வியந்து பார்க்கும் சாமான் ஒன்று; எல்லோரையும் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரும் சாமான் வேறொன்று. பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் வாங்குவது என்பதை, மாதாமாதம் குடும்பக் கணக்குப் போடும் உங்களுக்கா நான் சொல்ல வேண்டும்?