'பாண்டி'ன்னு கூப்பிட்டா ஏன் கோபம் வருது?

அல்லிநகரம்:-

அமெரிக்காக்காரர் என்றால் பணத்தை வாரி இறைப்பார், சத்தமாகப் பேசுவார் என்று வெளிநாடுகளில் ஒரு பேச்சு உண்டு. ஊர் விட்டு ஊர் போகிறவருக்கு இப்படி ஒரு முத்திரை விழுவது சகஜம். தேனி மாவட்டத்தில் இருந்து கேரளாவுக்கு கூலி வேலைக்குப் போகிறவருக்கு விழுந்த முத்திரை 'பாண்டி'.

கம்பம், போடி, தேவாரம் பகுதிகளில் இருந்து தினமும் காலையில் ஜீப் ஏறி, குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். இதில் பெண்கள்தான் அதிகம்.

வசவு ஆனது எப்படி?

பாண்டிய நாட்டுக்காரர் என்பதுதான் இதற்கு அர்த்தம். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் மலை ஏறியவர்களில் பலர் கூலி ஆட்கள் என்பதால் 'படிக்காதவன், சொன்னதை செய்கிறவன்' என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது.

2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றியபோது தமிழ் தொழிலாளர்கள் தாக்கப்பட்டதாக புகார் கிளம்பியது. பலர் பயந்து ஊர் திரும்பினர். இங்கேயும் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன.

பெண்கள் கொடுத்த பதிலடி

2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையே ஓரம் கட்டிவிட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 9 நாள் போராட்டத்தில் 20 சதவீத போனசை வாங்கிக் காட்டினார்கள். 'சொன்னதை செய்கிறவர்' என்ற பேச்சு அங்கேயே அடிபட்டுப் போனது.

சரி, நாம மட்டும் யோக்கியமா? மலையாளி என்றால் மாந்திரீகம் என்கிறோம். பிழைக்க வந்த வடமாநிலத் தொழிலாளியை 'வடக்கன்' என்கிறோம். ஜீப்பில் போகிறவரின் வலி தெரிந்த ஊர்க்காரர்கள் அப்படிப் பேசலாமா?