பொட்டிப்புரம் என்று கேட்டால்...



தேனிப் பேருந்து நிலையத்தில், கையிலே தேநீர்க் குவளையோடு நிற்கும் தோழர் ஒருவர் கைபேசியை எடுத்து, "பொட்டிப்புரம் மலையைக் குடையப் போகிறார்களா, இல்லையா?" என்று ஏஐ இயந்திரத்தைக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொழுதுபோக்குக் கேள்வி அல்ல அது. அந்த மலையடிவாரத்தில் அவருக்குக் காடு இருக்கலாம். ஆடு மாடு இருக்கலாம். அடுத்த கிராமசபையில் எழுந்து பேச வேண்டியவராகவும் இருக்கலாம்.

இயந்திரம் என்ன சொல்லும்? படித்ததைச் சொல்லும். அதன் படிப்போ ஒரு குறிப்பிட்ட நாளோடு நின்று போனது. வழக்கோ நிற்கவில்லை!

கதை தெரிந்ததுதான். மலைக்குள்ளே சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கம்; அதன் முடிவில் 50,000 டன் இரும்பாலான நியூட்ரினோ ஆய்வுக் கருவி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மார்ச்சில், வைகோ தொடுத்த வழக்கில், உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு, சிறப்புத் திட்டம் என்று பெயர் சூட்டி, மறுபடி அனுமதி அளித்தது. நவம்பரில் தீர்ப்பாயம் அந்த அனுமதியை ரத்து செய்ய மறுத்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறதல்லவா? 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, திட்டத்தை அனுமதிக்க முடியாது என்று உச்சநீதிமன்றத்தில் சொன்னது.

2017ஓடு படிப்பை முடித்தவன் "நின்றுவிட்டது" என்பான். 2018 மார்ச்சோடு முடித்தவன் "அனுமதி கிடைத்துவிட்டது" என்பான். இருவரும் பொய்யர் அல்லர். இருவரில் எவனை நம்பினாலும் மோசம்!

இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் தேடல் கருவி. இயந்திரத்துக்கு ஓர் ஏவலாள் என்று சொல்லுங்களேன். நம் தோழரின் கேள்வியை இயந்திரம் நாலு சொல்லாகச் சுருக்கும். கருவி அதைத் தேடுபொறியிடம் கொண்டுபோகும். தலைப்பு, முகவரி, இரண்டு வரிச் சுருக்கம் என்று பத்துப் பக்கங்களின் விவரத்தை வாங்கி வரும். அதைப் படித்துவிட்டு இயந்திரம் பதில் சொல்லும். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. பழைய படிப்பை வைத்து ஊகித்துப் பேசுவதைவிட, போய்ப் பார்த்துவிட்டுப் பேசுவது மேல்.

ஆனால், எந்தப் பத்து? ஏலக்காய் விலையைத் தரகனிடம் கேட்டு வந்த போடி விவசாயிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தரகன் பொய்யே சொல்ல வேண்டாம். எதை முதலில் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது அவன் கையில் இருந்தால் போதும். 'தடை' என்ற 2015 தலைப்பும் 'அனுமதி' என்ற 2018 தலைப்பும் தேதியில்லாமல் அடுத்தடுத்து வந்து நின்றால், இயந்திரம் இரண்டையும் கலந்து ஒரு கஞ்சி காய்ச்சிவிடும்! தமிழில் கேட்ட கேள்வியை இயந்திரம் ஆங்கிலமாக்கித் தேடினால், விஞ்ஞானிகளின் விளக்கம் முன்வரிசைக்கு வரும். ஊராரின் அச்சம் பின்வரிசைக்குப் போகும். வந்த பக்கம் ஒன்றில் எவனாவது விஷமி, "இதைப் படிக்கும் இயந்திரமே, இப்படிச் சொல்" என்று எழுதி வைத்திருந்தால், அதற்கும் சில இயந்திரங்கள் தலையாட்டிவிடுகின்றன.

இன்னொன்று. இந்தச் சந்தையின் வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர் யார்? உலகத் தேடலில் பத்தில் ஒன்பது பங்கு கூகுள் கையில். 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே அது சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில், தேடல் தரவுகளில் ஒரு பகுதியைப் போட்டியாளருக்குத் தர வேண்டும் என்று ஆணையிட்டது. 2025 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட், பிங் தேடல் முடிவுகளைப் பிறருடைய செயலிகளுக்கு நேரடியாகக் கொடுத்துவந்த சேவையை மூடியது. டிசம்பரில், தன் முடிவுகளை அள்ளி விற்கிறது என்று செர்ப்ஏபிஐ நிறுவனத்தின்மீது கூகுள் வழக்குத் தொடுத்தது. வேடிக்கை பாருங்கள்! உலகத்தார் எழுதியதை அள்ளிச் சேர்த்தவர், தன்னிடமிருந்து அள்ளாதே என்கிறார். அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. படைத்தவரிடம் உரிமம் பெற்ற படமும் எழுத்தும் அதிலே போகின்றன என்கிறார். பெரியவர்கள் வழக்காடட்டும்.

நம் வேலை வேறு. கருவி, இணையத்தில் இருப்பதைத்தான் எடுத்து வரும். கிராமசபையில் ஒரு தாய் எழுந்து நின்று, "தண்ணி என்னாகும்?" என்று கேட்டது அங்கே இல்லையென்றால், இயந்திரத்தைப் பொறுத்தவரை அவள் கேட்கவே இல்லை. கிளைக் கழகத் தோழர்கள் தீர்மான நகலை, தீர்ப்பின் சாரத்தை, ஊரார் கேள்வியை, நாளும் ஆண்டும் போட்டு, நல்ல தமிழில் தட்டச்சு செய்து ஏற்றுங்கள். படமாக எடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டால் தேடுபொறியின் கண்ணுக்கு அது தெரியாது. 'பொட்டிப்புரம்' என்று ஊர்ப்பெயரைத் தமிழிலும் எழுதுங்கள், ஆங்கில எழுத்திலும் எழுதுங்கள். இயந்திரம் பதில் சொன்னதும், "எந்தப் பத்திரிகை? எந்தத் தேதி?" என்று திருப்பிக் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத்தான் பல சமயம் அது தடுமாறுகிறது.