மலரின் பெயர் தேடி

நுழையும்முன்

வழியோரத்தில் ஒரு காட்டுப்பூ மலர்ந்திருக்கிறது. தாவரவியல் கற்காத ஒருவர் அதன் பெயரை எவ்வாறு கண்டறிவது? இவ்வினாவிற்கு எளிய விடை தந்த நூலாசிரியர் ஒருவரைப் பற்றியது இக்கட்டுரை.

துயரில் பிறந்த தேடல்

பிரான்சஸ் தியோடோரா 1861ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிறந்தார். கடற்படை அதிகாரியான வில்லியம் ஸ்டார் டேனாவை மணந்தார். 1890இல் கணவர் காலமானார். துயரில் ஒடுங்கியிருந்த அவரைத் தோழி மேரியன் சாட்டர்லீ நாட்டுப்புற வழிகளில் உலாவ அழைத்துச் சென்றார். அங்குக் கண்ட காட்டுமலர்கள் அவருக்கு ஆறுதல் அளித்தன. அவற்றை அறியும் ஆர்வத்தையும் தூண்டின.

பழைய வழியின் இடர்ப்பாடு

அக்காலத்தில் 1848இல் வெளிவந்த ஏசா கிரேயின் கையேடு போன்ற நூல்கள் இருந்தன. அவை தாவரங்களைக் குடும்பவாரியாகத் தொகுத்திருந்தன. பூவின் குடும்பத்தை அறியாதவர் அதன் பக்கத்தை அடைவது கடினம். குடும்பத்தை அறியவோ மகரந்தத்தாள், சூலகம் முதலியவற்றை ஆராயும் பயிற்சி வேண்டும். நிறம், வளரிடம், பூக்கும் காலம் ஆகியவற்றைக் கொண்டு மலர்களை இனங்காட்டும் நூல் வேண்டும் என்று இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் விரும்பினார். அவ்விருப்பத்தைப் பிரான்சஸ் நிறைவேற்றினார்.

நிறமே நுழைவாயில்

‘காட்டுமலர்களை அறிவது எப்படி’ என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1893இல் வெளிவந்தது. சாட்டர்லீ அதற்குப் படங்கள் வரைந்தார். வெண்மை, மஞ்சள், சிவப்பு, நீலம் என நிறவாரியாக மலர்கள் அதில் பகுக்கப்பட்டன.

கோடையின் இறுதியில் ஓடைக்கரையில் செக்கச்சிவந்த பூ ஒன்றைக் காண்பவர், சிவப்பு மலர்களின் பகுதியைத் திறக்கலாம். பூக்கும் காலம், ஈரநிலம், இலை, தண்டு ஆகிய குறிப்புகளை ஒப்பிட்டால், அது ‘கார்டினல் மலர்’ எனத் தெளியலாம். அதன் அறிவியற்பெயரும் குடும்பமும் அங்கேயே கிடைக்கும். முன்னர்த் தொடக்கமாக இருந்த குடும்பப்பெயர், இப்போது முடிவில் கிடைக்கும் அறிவாயிற்று.

ஒரே இனப் பூக்களும் நிறத்தில் வேறுபடுவதுண்டு. ஆதலால் நிறம் வாயில் மட்டுமே. மற்ற அடையாளங்களையும் காண்பதே உறுதி தரும்.

மக்கள் வரவேற்பு

முதற்பதிப்பு ஐந்தே நாள்களில் விற்றுத் தீர்ந்தது. நூலின் முகப்பில் ஆசிரியர் பெயர் ‘திருமதி வில்லியம் ஸ்டார் டேனா’ என்றே இருந்தது. பின்னர் மறுமணம் செய்து பிரான்சஸ் தியோடோரா பார்சன்ஸ் ஆன அவர், 1899இல் பெரணிகளுக்கும் ஒரு வழிகாட்டி எழுதினார்.

அறிஞரின் மேசையில் இருந்த தாவர அறிவு, அவரால் நடைவழியில் செல்வோரின் கைக்கு வந்தது. பெயர் அறிந்த பூவை எவரும் வெறும் புதராகக் கடந்து செல்வதில்லை.