ஆறு வோல்ட் காருக்கு லாரி பேட்டரி வேண்டாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக் கல்யாண மண்டப வாசல்களில் இது அடிக்கடி நடக்கிறது. மாதக்கணக்கில் உறை போர்த்திக் கிடந்த தாத்தா காலத்து பிளிமத்தையோ செவர்லேயையோ மாப்பிள்ளை ஊர்வலத்துக்காக வெளியே எடுப்பார்கள். பூவெல்லாம் கட்டிய பிறகுதான் செல்ஃப் எடுக்கவில்லை என்று தெரியும். உடனே ஒருவர் பக்கத்தில் நிற்கும் புதுக் காரின் பானெட்டைத் திறக்கச் சொல்வார். அவரைவிடக் கெட்டிக்காரர் ஒருவர் நெடுஞ்சாலையில் நிற்கும் லாரியையே அழைத்து வருவார். "ஒண்ணும் ஆவாது பாய், ரெண்டே செகண்ட்!"

ஆகும். 1950களின் நடுப்பகுதி வரை வந்த பெரும்பாலான அமெரிக்கக் கார்கள், பழைய வில்லிஸ் ஜீப், 1960களின் நடுப்பகுதி வரையிலான பீட்டில் எல்லாம் 6 வோல்ட் வண்டிகள். இன்றைய காரின் பேட்டரி 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14 வோல்ட்டுக்கு மேல் தரும். லாரியில் இருப்பது 24. பழைய செல்ஃப் மோட்டார் முரட்டுச் சாமான், 12 வோல்ட்டைக் கொஞ்ச நேரம் தாங்கிவிடும். பல்ப், பெட்ரோல் மீட்டர், காயில், ரேடியோ தாங்காது. பல்ப் போனால் வேறு வாங்கலாம், அந்தக் காலத்து மீட்டருக்கு எங்கே போவது?

முதலில் பேட்டரியின் மூடிகளை எண்ணுங்கள். மூன்று என்றால் 6 வோல்ட், ஆறு என்றால் 12. இடையில் யாரோ பேட்டரியை மாற்றியிருக்கலாம் என்பதால் பல்பிலும் காயிலிலும் எழுதியிருப்பதையும் பாருங்கள்.

அடுத்தது எர்த். இதில்தான் அனுபவமுள்ள மெக்கானிக்கும் சறுக்குகிறார். அந்தக் காலத்து பிளிமத், டாட்ஜ், ஃபோர்டு கார்களில் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். செவர்லேயிலும் வில்லிஸிலும் நெகட்டிவ். பழைய மோரிஸ் மைனர் 12 வோல்ட்தான், ஆனாலும் பாசிட்டிவ் எர்த். ஒயரின் சிவப்பு, கறுப்பு நிறத்தை நம்பாதீர்கள். எந்த முனையிலிருந்து தடித்த ஒயர் சேஸிஸுக்குப் போகிறது என்று கையால் தொடர்ந்து பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் உதவிக்கு வந்த காரின் ஆல்டர்னேட்டர் டயோடும் போய்விடும். அதைவிட மோசம் பேட்டரி வெடிப்பது. பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் கலந்திருந்தாலே ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். வெடித்தால் முகத்தில் தெறிப்பது கந்தக அமிலம்.

சரியான வழிக்கு அவசரம் ஆகாது. முந்தின இரவே பேட்டரியைக் கழற்றி, காற்றோட்டமான இடத்தில் 6 வோல்ட் சார்ஜரில் போடுங்கள். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு 10 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். சார்ஜரின் சுவிட்ச் 6-இல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். பீடியோடு யாரையும் அருகே விடாதீர்கள். சார்ஜ் ஏறியும் செல்ஃப் சோம்பினால் பேட்டரியைத் திட்டாதீர்கள், ஒயரைப் பாருங்கள். 6 வோல்ட்டில் அதே வேலைக்கு இரட்டிப்பு மின்னோட்டம் போக வேண்டும். கடையில் கிடைத்த மெல்லிய ஒயரும் துருப்பிடித்த எர்த் முனையும் அதை வழியிலேயே தின்றுவிடும்.

ஜம்ப் போட்டே தீர வேண்டும் என்றால் சார்ஜ் ஏறிய இன்னொரு பெரிய 6 வோல்ட் பேட்டரியைத் தரையில் வைத்துக் கொடுங்கள். பழைய ஸ்கூட்டரின் 6 வோல்ட் பேட்டரியால் காரின் செல்ஃபைச் சுற்ற முடியாது. முதலில் எர்த் ஆகாத முனையை எர்த் ஆகாத முனையோடு சேருங்கள். பிறகு உதவி பேட்டரியின் மற்ற முனையிலிருந்து வரும் ஒயரை, பேட்டரியை விட்டுத் தள்ளி, இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும், அது பேட்டரியின் தலைமேல் பறக்கக் கூடாது. பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். கழற்றும்போது அதே வரிசையைத் தலைகீழாக. திரும்பவும் சொல்கிறேன்: புதுக் கார் வேண்டாம், லாரி வேண்டவே வேண்டாம்.

அமிலம் கண்ணில் பட்டால் தேய்க்காமல் இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு 108-ஐ அழையுங்கள். வேலூரில் ஆரணி ரோட்டில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. கழுவாமல் ஆட்டோ பிடித்து ஓடுவதில் பயனில்லை.

மெக்கானிக் கையில் வண்டி கருகினால் பெரும்பாலோர் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் "6 வோல்ட், பாசிட்டிவ் எர்த்" என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். கருகிய பாகத்தைத் தூக்கி எறியாமல் படம் எடுத்து வையுங்கள். வேறொரு ஒர்க்‌ஷாப்பிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். பிறகு டெலிவரிக்கு ஒப்புகை கேட்டு ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ். பதில் இல்லையென்றால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். கெடு இரண்டு ஆண்டு. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. ஆலோசனைக்கு 1915 என்ற எண்ணை அழையுங்கள்.

வண்டியின் காகிதமும் சரியாக இருக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, பெரிதாக மாற்றப்படாத வண்டிகளைத் தனியாகப் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை சேர்த்தார்கள். பரிவாஹன் தளத்தில் படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டி என்றால் பில் ஆஃப் என்ட்ரி. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆர்.டி.ஓ. கவுன்டரில் "அப்படி ஒண்ணு இல்லீங்களே" என்பார்கள். விதியை அச்செடுத்துக் கையில் கொண்டுபோங்கள், அவர்கள் படிக்க வேண்டியதை நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. மனு ஏற்றதற்கு ஒப்புகை வாங்காமல் நகராதீர்கள். 60 நாளுக்குள் படிவம் 23ஏ-யில் சான்று தர வேண்டும். இந்தப் பதிவில் உள்ள வண்டியைக் கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்ற வேலைகளுக்கே ரோட்டில் எடுக்கலாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது அதில் வராது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

செத்த பேட்டரியைக் காயலான் கடையில் போடாதீர்கள். 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிப்படி அது பதிவுபெற்ற சேகரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ போக வேண்டும். புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்து ரசீது வாங்குங்கள். தோல் கழிவால் பாலாறு பட்ட பாட்டைப் பற்றி 1996இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதன் கரையில் இனி பேட்டரி ஈயமும் உருக்க வேண்டாம். உருக்குகிறவர்களைப் பார்த்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு இடம், தேதி, படத்தோடு எழுத்தில் புகார் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.