பதினோரு வயது மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட்

2025 அக்டோபர் 14. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அன்றோடு முடித்துக்கொண்டது. 2015 ஜூலையில் வெளிவந்து, பத்து ஆண்டுகளுக்கு மேல் உலகெங்கும் வீடுகளிலும் அலுவலகங்களிலும் ஓடிய இயங்குதளம் அது. ஆதரவு முடிந்ததால் கணினி மறுநாள் நின்றுவிடாது. முந்தைய நாள் ஓடியது போலவேதான் ஓடும். ஆனால் அதில் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் வேலை நின்றுபோகும். வீட்டுக் கணினிகளுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. அதுவும் 2026 அக்டோபரோடு சரி.

விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் என் மடிக்கணினி அதற்குத் தகுதி பெறவில்லை. 2014-ல் வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும். பழுது பார்க்கும் கடையில் விசாரித்தேன். “இனிமே இதுல ஒண்ணும் பண்ண முடியாதுங்க சார், புதுசு ஒண்ணு வாங்கிருங்க” என்றார்கள். திரையில் ஒரு கீறல் இல்லை, விசைப்பலகையில் ஒரு எழுத்து தேயவில்லை. அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தை ஏற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். அந்த மாற்றத்தின் முதல் சில வாரங்களில் கண்டதையும், அதன் வழியாக ஓர் இயங்குதளம் உள்ளே என்னதான் செய்கிறது என்று புரிந்துகொண்டதையும் இங்கே சொல்கிறேன்.

இயங்குதளம் என்பதைக் கல்யாண வீட்டு உக்கிராணக்காரரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். அடுப்புகள் இத்தனை, பாத்திரங்கள் இத்தனை, உக்கிராண அறையில் சாமான்கள் இவ்வளவு. சாம்பார் வைப்பவர், பாயசம் கிண்டுபவர், காய் நறுக்குபவர் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்ய வேண்டும். யாருக்கு எந்த அடுப்பு, எவ்வளவு நேரம், சாவி யார் கையில் என்பதையெல்லாம் ஒருவர் முடிவு செய்கிறார். அவர் சமைப்பதில்லை, ஆனால் அவர் இல்லாமல் பந்தி நடக்காது. கணினியில் அடுப்பு என்பது செயலி. சமையல் மேடை என்பது நினைவகம், அதாவது ரேம். உக்கிராண அறை ஹார்ட் டிஸ்க். நாம் திறக்கும் உலாவி, எழுதும் மென்பொருள், பாட்டுக் கேட்கும் மென்பொருள் எல்லாம் சமையற்காரர்கள். இவர்களில் யாரும் நேராக உக்கிராணத்துக்குள் நுழைய முடியாது. இயங்குதளத்தின் கரு, கெர்னல் என்பார்கள், அதைக் கேட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும்.

என் கணினி ஏன் ஊர்ந்தது என்பதும் இதில் விளங்கும். 4 ஜிபி மேடையில் விண்டோஸ் 10 மட்டுமே ஏறக்குறையப் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. உலாவியில் நாலு பக்கம் திறந்தால் மேடை நிறைந்துவிடும். இடமில்லாததை இயங்குதளம் எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் தற்காலிகமாக வைக்கும், வேண்டும்போது திரும்பக் கொண்டுவரும். சிக்கல் இங்கேதான். என் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுவது; ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 11 மில்லி விநாடி. கேட்ட தகவல் இருக்கும் இடம் படிமுனைக்குக் கீழே சுழன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். மனிதருக்கு அது கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. விநாடிக்குக் கோடிக்கணக்கில் கட்டளைகளை முடிக்கும் செயலிக்கோ யுகம். மேடைக்கும் உக்கிராணத்துக்கும் நடந்தே பந்தி நேரம் முடிந்துவிடுகிறது. வயதாகிப்போனது கணினிக்கு அல்ல, அதன் மேல் ஏறியிருந்த சுமைக்கு ஏற்ற மேடை அதில் இல்லை, அவ்வளவுதான்.

லினக்ஸ் பலருக்கும் அந்நியமாகத் தோன்றலாம். உண்மையில் அது ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது: ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல்தான். 2017 நவம்பர் முதல் உலகின் அதிவேக 500 மீக்கணினிகள் பட்டியலில் உள்ள அத்தனையும் லினக்ஸில் ஓடுபவை. 1991 ஆகஸ்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக அறிவித்தார். அடுத்த மாதம் வந்த முதல் பதிப்பில் சுமார் 10,000 வரிகள். இன்று அது 3 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளோடு அந்தக் கெர்னல் சேர்ந்தபோது முழு இயங்குதளம் உருவானது. அதன் நிரலை யாரும் படிக்கலாம், மாற்றலாம், பிறருக்குக் கொடுக்கலாம். தமிழில் இதைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். நல்ல சொல்.

கெர்னல் ஒன்றுதான், அதைச் சுற்றிப் பணித்திரை, மென்பொருள்கள், அமைப்புகள் எல்லாம் சேர்த்துக் கட்டித் தருபவர்கள் பலர். உபுண்டு, டெபியன், ஃபெடோரா என்று பல பெயர்கள் வருவது அதனால்தான். நம் ஊரிலும் ஒன்று உண்டு: சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ். 2011-ல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு அதுவும் இருந்தது. நான் தேர்ந்தெடுத்த மின்ட், கிளெமான் லெஃபேவ்ர் 2006-ல் தொடங்கியது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு பெண் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். நான் நிறுவியது 22.2, ‘ஸாரா’, 2025 செப்டம்பரில் வந்தது, 2029 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய பணித்திரை கொண்ட வகையை எடுத்துக்கொண்டேன். நினைவகம் குறைவான கணினிகளுக்கு அதுதான் பொருத்தம்.

என்னை மிகவும் கவர்ந்தது நிறுவுவதற்கு முந்தைய கட்டம். சுமார் 3 ஜிபி அளவுள்ள ஒரே கோப்பைத் தரவிறக்கி, அது வழியில் சிதையவில்லை என்று சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, ரூஃபஸ் என்ற சிறு மென்பொருளால் பென்டிரைவில் எழுதினேன். சாதாரணமாகக் கோப்பை நகலெடுத்துப் போட்டால் போதாது. கணினி தொடங்கும்போது படிக்கக்கூடிய வடிவில் எழுத வேண்டும். பிறகு கணினியை இயக்கி, எஃப்12 விசையை அழுத்தி, பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொன்னேன். (எஃப்2, எஸ்கேப் என்று தயாரிப்புக்குத் தயாரிப்பு இது மாறும்.) ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே முழு இயங்குதளமும் திரையில் வந்து நின்றது. பென்டிரைவில் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதைத் தேவையான அளவுக்கு விரித்து, நினைவகத்திலேயே ஓடுகிறது. வைஃபை இணைகிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிடிக்கவில்லை என்றால் பென்டிரைவை உருவிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும், பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும். ஒரு பொருளை வாங்கும் முன் இப்படி முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கும் வாய்ப்பு மிகப் பெரிய மரியாதை என்று நினைக்கிறேன்.

நிறுவும் வேலை அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வேண்டுமென்றே பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே ஓட்டினேன். முன்பு கணினியைப் போட்டுவிட்டு வேலை தொடங்க நாலு நிமிடம் ஆகும். இப்போது ஒன்றரை நிமிடம். எதுவும் திறக்காத நிலையில் நினைவகத்தில் ஒரு ஜிபிக்கும் குறைவாகவே பிடித்தது. அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டேன். சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம் அது. இருபத்தைந்து விநாடியில் தயார். ஆகவே வேகம் முழுவதும் லினக்ஸின் கொடை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மேடையில் இடம் விட்டது மின்ட். நடையைக் குறைத்தது எஸ்எஸ்டி. இரண்டும் சேர்ந்தால்தான் இந்தப் பலன்.

உள்ளே போனதும் முதலில் தேடியது சி டிரைவை. அது இல்லை. லினக்ஸில் எல்லாம் ஒரே மரம்; வேர் ஒன்று, கிளைகள் பல. பென்டிரைவைச் செருகினால் தனி எழுத்து வராது, மரத்தில் ஒரு கிளையாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் கோப்புகள் முழுவதும் ‘ஹோம்’ என்ற கிளையில் உங்கள் பெயரில் இருக்கும். எந்த மென்பொருளை நிறுவினாலும் கடவுச்சொல் கேட்கும். முதல் நாள் எரிச்சலாக இருந்தது, பிறகு காரணம் புரிந்தது: உக்கிராணச் சாவி உங்களிடம்தான் இருக்கிறது, உங்களைக் கேட்காமல் எவரும் உள்ளே எதையும் வைக்க முடியாது. மென்பொருள்களை இணையத்தில் அங்கங்கே தேடி இறக்க வேண்டியதில்லை. ஒரே களஞ்சியத்திலிருந்து வருகின்றன, எல்லாவற்றுக்குமான புதுப்பிப்பும் ஒரே பொத்தானில் முடிகிறது. வேலை நடுவே தானாக மறுதொடக்கம் செய்வதில்லை.

தமிழுக்கு வருவோம். என் வேலையில் பாதி தமிழில் தட்டுவது என்பதால் இதைத்தான் அதிகம் சோதித்தேன். ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும், எம்17என் என்ற தொகுப்பையும் நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சு முறை எல்லாம் கிடைக்கின்றன. எம்17என் ஜப்பானிய ஆய்வாளர்கள் பன்மொழிக்காக உருவாக்கியது. அதில் நம் தமிழ்99 அழகாக உட்கார்ந்திருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டிப் பிறந்து, அதே ஆண்டு தமிழ்நாடு அரசின் தரமான விசைப்பலகை அது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். ‘பந்து’ என்று தட்ட ப, ந, த, உ என்று நாலே தட்டு. ந-வுக்கு அடுத்து த வந்தால் புள்ளி தானாக விழும். இதே சொல்லை ஆங்கில எழுத்துகளில் ஒலிபெயர்த்துத் தட்டினால் ஆறு. நாள் முழுவதும் எழுதுபவர்கள் விரல்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

எழுத்து திரையில் சரியாக வருவது வேறு வேலை. ‘கெ’ என்பதை யூனிகோடு முறையில் க முதலில், கொம்பு பிறகு என்று சேமிக்கிறார்கள். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். ‘கொ’ என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும். இதைச் செய்வது ஹார்ஃப்பஸ் என்ற நிரல். அது இல்லாத காலத்தில் கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டங்கள் முளைத்துத் தமிழ் படாதபாடு பட்டதைப் பழைய பயனர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இன்று ஃபயர்ஃபாக்ஸ், லிபர்ஆஃபிஸ் எதிலும் அந்தத் தொல்லை இல்லை.

மாறாக, பழைய கோப்புகள் தொல்லை தரும். பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் யூனிகோடு அல்ல. ‘அம்மா’ என்ற சொல் அவற்றில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகத்தான் கிடக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகமூடி போட்டிருந்தது. புதிய இயங்குதளத்தில் அந்த எழுத்துரு இல்லாததால் முகமூடி கழன்றுவிட்டது. எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம். ஆனால் யூனிகோடுக்கு மாற்றிவைப்பதுதான் நிலையான தீர்வு. நான் பதினைந்து ஆண்டுக் கட்டுரைகளை இந்தச் சாக்கில் மாற்றி முடித்தேன்.

இடைமுகத்தையே தமிழுக்கு மாற்றலாம். 2000-களின் தொடக்கத்திலிருந்தே உலகெங்கும் உள்ள தமிழ் ஆர்வலர்கள் ஊதியமின்றி மொழிபெயர்த்து வருகிறார்கள். இன்னும் முழுமையாகவில்லை, சில பட்டிகளில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஆள் சேர்ந்தால் முடியும் வேலை. தமிழில் படித்துக் கற்க விரும்புவோருக்கு 2012 முதல் வரும் ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது.

மாறக் கூடாதவர்களும் உண்டு. டேலியில் கணக்கு எழுதுபவர்கள், ஃபோட்டோஷாப்பை நம்பித் தொழில் செய்பவர்கள், டிஜிட்டல் கையொப்பக் கருவியை அன்றாடம் பயன்படுத்துபவர்கள் அவசரப்பட வேண்டாம். அந்த முதல் இரண்டு மென்பொருள்களுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. வேர்டு கோப்புகள் லிபர்ஆஃபிஸில் திறக்கும். எழுத்துரு மாறுவதால் பக்க அமைப்பு நகரும். பிரின்டர் எனக்கு உடனே வேலை செய்தது. சில வைஃபை சில்லுகளுக்குத் தனி இயக்கி நிறுவ வேண்டியிருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு மடிக்கணினி ஒதுங்கிக் கிடந்தால், விற்பதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். முதலில் படங்களையும் ஆவணங்களையும் வேறொரு வட்டில் நகலெடுத்து, அந்த நகல் திறக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு, மின்ட்டை எழுத 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். பென்டிரைவிலேயே ஓட்டிப் பாருங்கள். ‘நிறுவு’ என்ற பொத்தானை அன்றே அழுத்த வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை.