ஒட்டு வளையமும் மரத்தின் ஈரமும்

வன்னிக் காட்டின் வயிர மரங்கள் பெயர்பெற்றவை. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கமெல்லாம் பாலையும் முதிரையும் வீரையும் ஓங்கிய நிலம் அது. பாலையின் வயிரத்தை நீரில் இட்டால் மூழ்கும். இழைத்த முதிரையோ பட்டுப்போல் மினுங்கும். இம்மரங்களுள் பல இன்றும் உள்ளே இரும்பைச் சுமந்து நிற்கின்றன. 2009 வரை நீண்ட போரில் தைத்த எறிகணைச் சிதறல்களையும் சன்னங்களையும் மாறிழையம் ஆண்டுதோறும் புதுமரம் படைத்து மூடிவிட்டது. மரக்காலையில் வாளின் பல் முறியும்போதுதான் உள்ளிருப்பது தெரியவரும். இரும்பு கிடந்த இடத்தைச் சுற்றி, மரத்திலுள்ள தனின் அதனோடு வினைபுரிந்து நீலக் கறுப்பாய்ப் பரவியிருக்கும்.

அத்தகைய மரத்தில் நீண்ட பலகை எடுப்பது அரிது. விரல் நீளத் துண்டுகள் நிறையக் கிடைக்கும். நூறாண்டு வயிரத்தை அடுப்புக்கு விறகாக்குவதை என் மனம் ஏற்பதில்லை. அத்துண்டுகளை வளையமாக ஒட்டி, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கடைந்தால் கிண்ணமும் குடமும் ஆகும்.

துண்டுகளால் வட்டம் அமைக்கும் அறிவு நம் தச்சர்க்குப் புதிதன்று. மாட்டுவண்டிற் சக்கரத்தின் விளிம்பு அவ்வாறு அமைந்ததே. பன்னிரண்டு ஆரக்காலுள்ள சக்கரத்தில், இரண்டு காலுக்கு ஒரு வட்டையாக ஆறு வட்டைகள் கூடி வட்டமாகும். அவற்றைப் பிடித்து நிற்பது பசையன்று, இரும்புப் பட்டம். இரும்பு ஒரு பாகை வெப்பம் ஏறுந்தோறும் தன் நீளத்தில் இலட்சத்தில் 1.2 பங்கு நீளும். 500 பாகை ஏறக் காய்ச்சினால், 1.5 மீற்றர் விட்டமுள்ள பட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் கூடும். குளிரும்போது அது சுருங்கி வட்டைகளை நெரித்துப் பூட்டும். கோடையில் மரம் வற்றிப் பட்டம் தளர்ந்தால், சக்கரத்தை நீரில் ஊறப்போட்டுப் பருக்கவைப்பார்கள்.

கிண்ணத்துக்கு அந்தப் பட்டம் இல்லை. பசை ஒன்றே துணை. ஆகவே வெட்டு மிகத் துல்லியமாக வேண்டும். 10 சென்ரிமீற்றர் ஆரையுள்ள வளையத்துக்குப் பன்னிரண்டு துண்டுகள் போதும். ஒவ்வொன்றின் வெளி நீளம் ஏறத்தாழ 5.4 சென்ரிமீற்றர், இரு முனையிலும் 15 பாகைச் சாய்வு. வாளை வைத்த கோணம் ஒரு பாகையில் பத்திலொரு பங்கு பிசகினாலும், இருபத்துநான்கு முகங்களிலும் அது கூடி 2.4 பாகை ஆகிவிடும். எனவே வல்லோர் முழு வளையத்தை ஒரே தடவையில் ஒட்டுவதில்லை. அரைவளையங்களாக ஒட்டிக் காயவைத்து, அவற்றின் முனைகளைச் சமதட்டில் தேய்த்து நேராக்கிய பின்னரே இரண்டையும் சேர்ப்பர். பிழை முழுவதும் அந்த இரு மூட்டுகளில் அகன்றுவிடும்.

ஒட்டும் முகம் இழையோட்டத்துக்குக் குறுக்கே அமைவதுதான் இக்கலையின் பெரும் இடர். அங்கே காழ்க்கலன்கள் வாய்திறந்து நின்று பசையை உள்ளே இழுத்துக்கொள்ளும். தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை, நீரில் பரவிய பொலிவைனைல் அசற்றேற்றுத் துணிக்கைகளால் ஆனது. நீர் மரத்துக்குள் போகப்போகத் துணிக்கைகள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகி, மரத்தின் செலுலோசோடு ஐதரசன் பிணைப்புகளால் பற்றிக்கொள்ளும். கலன்கள் பசையைக் குடித்துவிட்டால் படலம் அமைய இடமில்லை. ஆகையால் முதலில் நீர் கலந்து இளக்கிய பசையை ஒரு தடவை பூசி, அதன் ஈரப்பளபளப்பு மங்கும்வரை பொறுக்க வேண்டும். பின்பு கெட்டிப் பசை பூசி, இரு துண்டுகளையும் சேர்த்து முன்னும் பின்னும் மெல்ல உரசினால், சட்டென்று அவை அசையாமல் பிடித்துக்கொள்வதை விரல் உணரும். மூட்டு நெடுகப் பசை சிறு மணிகளாய்ப் பிதுங்க வேண்டும். பிதுங்காத இடத்தில் பசை போதவில்லை. துவிச்சக்கரவண்டியின் பழைய ரியூப்பைப் பட்டியாய் வெட்டி இழுத்துச் சுற்றினால், எல்லாத் துண்டுகளும் ஒரே அளவாக மையம் நோக்கி நெருக்குண்ணும். எண்ணெய்ப் பசையுள்ள முதிரையை வெட்டிய அன்றே ஒட்டிவிடுவது நன்று.

இவ்வளவும் செவ்வனே செய்தும் வளையம் வெடிப்பதுண்டு. காரணம் பெரும்பாலும் பசையன்று, ஈரம். மாரியில் காற்றின் ஈரப்பதன் 85 சதவீதமாய் நின்றால், மரத்தின் ஈரம் ஏறத்தாழ 17 சதவீதத்தில் நிலைகொள்ளும். சோழகம் வீசும் கோடையில் ஈரப்பதன் 60 ஆகும்போது அது 11 வரை இறங்கும். அப்போது மரம் இழைக்குக் குறுக்கே 1.7 சதவீத அளவில் சுருங்கக்கூடும். இழை நெடுக ஏறக்குறையச் சுருங்காது. துண்டின் அகலம் குறைந்து நீளம் குறையாதபோது அதன் சாய்வு மாறுகிறது: 15 பாகை 15.25 ஆகும். இருபத்துநான்கு முகங்களிலும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 6 பாகை மிகை. வளையத்தின் வெளிவிளிம்பில் துண்டுகள் ஒன்றையொன்று முட்ட, உள்விளிம்பில் மூட்டுகள் வாய்பிளக்கப் பார்க்கும். துண்டுகளை இருபத்துநான்காக்கினாலும் மொத்த மிகை குறையாது. ஒரு மூட்டின் பங்கு மட்டும் பாதியாகும்.

ஆகவே கார்த்திகை, மார்கழியில் வளையம் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன். துண்டுகளைச் சாய்வு வெட்டாமல் காற்றாட அடுக்கிவைத்து, மாசி பங்குனியில் மரம் நடுவீரத்துக்கு வந்தபின் வெட்டி ஒட்டினால், பின்வரும் ஏற்றமும் இறக்கமும் பாதிப்பாதியாய்ப் பிரிந்து மூட்டின் பாரம் குறையும். வளையங்களை அடுக்கும்போதும், செங்கற் சுவரில்போலக் கீழ்வரிசை மூட்டின்மேல் மேல்வரிசைத் துண்டின் நடு அமரவேண்டும். அங்கே இழையின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. குறுக்குமுக மூட்டைவிட அந்த ஒட்டு மிக வலியது. கிண்ணத்தைத் தாங்குவதும் அதுவே.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. பொலிவைனைல் அசற்றேற்று 30 முதல் 40 பாகைக்குள் இளகத் தொடங்கும். நண்பகலில் தகரக் கொட்டகை அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஒட்டிய வளையத்தை ஓரிரவு காயவிட்டு, காலைக் குளிர்ச்சியில், கூர்மையான உளியால் கடையவேண்டும். மழுங்கிய உளியின் உராய்வுச் சூடு ஒன்றே மூட்டை நகர்த்தப் போதும்.